நாளைக்கு இருக்காதுக்கா

உட்காருங்க மேடம், சின்னவர் கூப்பிடுவாரு என்று ரிசப்ஷன் பெண் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, சோஃபா என்னடாவென்றால் ஆளை உள்ளே இழுக்கிறது, முதுகு எங்கே சாய்கிறது முட்டி எங்கே நிற்கிறது என்று தெரியாத அப்படியொரு மெத்தை, இதில் உட்கார்ந்துகொண்டு யாராவது கோபப்பட முடியுமா, கோபப்படக் கூடாது என்றுதான் இப்படி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று சுகந்தி நினைத்தாள், நினைத்ததும் நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்து உட்கார்ந்தாள். நான்காவது மாடி, ஆபீஸ் மாடி, முதலாளியின் மகன் சின்னவர் உட்காருகிற மாடி. கீழே மூன்று மாடியும் ஜவுளி. கடைப் பெயர் எதற்கு, எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது, மதுரையில் நாலைந்து இருக்கும். நடுவில் ஓட்டை விட்டுக் கட்டிய கட்டிடம் என்பதால் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழ் மாடிகள் எல்லாம் தெரிகின்றன, ஒவ்வொரு கவுன்ட்டருக்குப் பின்னாலும் அரக்குக் கலர் புடவை கட்டின பெண்கள், எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆள் இருக்கிற கவுன்ட்டரிலும் நிற்கிறார்கள், ஈ ஓட்டுகிற கவுன்ட்டரிலும் நிற்கிறார்கள். திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு யார் வரப்போகிறார்கள். ஏழு வருஷமாக இந்தக் கடைக்கு வந்துபோகிறாள், இவர்கள் நிற்கிறார்கள் என்பது போன வியாழக்கிழமை வரைக்கும் அவள் கண்ணில் படவே இல்லை. என்ன கண் இது. வெளிச்சம் எங்கே நன்றாக விழும் என்று மட்டும் தெரிகிற கண். தூ.

வேலை என்ன வேலை, இந்தக் கடைக்கு ஸ்டோரி போடுகிற வேலை. இன்ஸ்டாகிராமில் கடைப் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, ரெண்டு லட்சத்துச் சொச்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் தினமும் எட்டுத் துண்டு வீடியோ போட வேண்டும், ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி ஓடும், இருபத்து நாலு மணி நேரம் இருக்கும், அப்புறம் யாரும் தொடாமலே தானாகப் போய்விடும். ஏஜென்சி நடத்துகிற ஜேபி, முழுப்பெயர் ஜெயப்பிரகாஷ், அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாடம் எடுத்தான். போஸ்ட்டுன்னா அப்புறம் பார்த்துக்கலாம்னு ஜனங்க போயிருவாங்க சுகந்தி, ஸ்டோரின்னா இப்பப் பார்த்தாத்தான், இல்லைன்னா போச்சு, அந்தப் போச்சுதான் நமக்குச் சோறு. அன்றைக்கு அது அவளுக்குப் பெரிய தத்துவமாகத் தெரிந்தது, டைரியில்கூட எழுதிக்கொண்டாள், வெட்கக்கேடு. அந்தப் போச்சை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்தாள். ஆடி பிறந்ததிலிருந்து பத்தொன்பது நாளாக ஒரே தள்ளுபடி, பத்தொன்பது நாளும் 'இன்று மட்டும்' என்று எழுதினாள். நேற்றைக்கும் இன்று மட்டும், முந்தாநாளும் இன்று மட்டும். யார் கேட்கப் போகிறார்கள், கேட்பதற்கு நேற்றையது எங்கே இருக்கிறது. பக்கத்தில் ஒரு கடிகாரம் ஒட்டுவாள், நாலு மணி நேரம் பாக்கி, மூன்று மணி நேரம் பாக்கி என்று குறைந்துகொண்டே ஓடும். உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி மூச்சிரைக்க வந்து, முடிஞ்சிருச்சாம்மா என்று கேட்டாளாம், இல்லம்மா உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம் என்று இவர்கள் சொன்னார்களாம், அதை மீட்டிங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள். சிரித்தாயே சுகந்தி. அந்த அம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு நன்றி சொல்லியிருப்பாளோ.

போன வியாழக்கிழமைதான் 'கடையின் முகங்கள்' ஆரம்பித்தது. அதுவும் ஜேபியின் யோசனை. மாடல் பிள்ளைகள் புடவை கட்டிச் சுற்றிச் சுற்றி வருவது ஜனங்களுக்குச் சலித்துவிட்டதாம், இப்போது உண்மை வேண்டுமாம், பவுடர் போடாத உண்மை, கேமரா நடுங்கினால்கூடப் பரவாயில்லை, நடுங்கினால் இன்னும் நல்லது. ரெண்டாம் மாடி பட்டுப் பிரிவில் பஞ்சவர்ணத்தைப் பிடித்தாள் சுகந்தி. பதினாலு வருஷமாக அந்தக் கவுன்ட்டரில் இருக்கிறவள், நாற்பத்தாறு நாற்பத்தேழு வயது, அவள் ஒரு புடவையை உதறினால் அது காற்றில் விரிந்து அளவெடுத்த மாதிரி மேஜையில் வந்து படுக்கும். உங்களுக்குப் பிடிச்ச புடவை எதுக்கா என்று கேட்டாள். எங்கள் கடையில் எல்லாப் புடவைகளும் தரமானவை என்று பஞ்சவர்ணம் ஒப்பித்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் தரமானவை. மூன்றாவது தடவை சுகந்திக்கு எரிச்சல் வந்துவிட்டது, மதியம் ஆகிறது, எட்டுத் துண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை, போனை இறக்காமலே கேட்டாள், அதெல்லாம் விடுங்கக்கா, காலு வலிக்கலையா உங்களுக்கு? பஞ்சவர்ணம் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஃப்ளோர் மேனேஜர் எங்கே நிற்கிறான் என்று பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை என்ன பார்வை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா. தெரிந்தது, தெரியாமல் என்ன, தெரிந்துதான் சொன்னாள். பயப்படாம சொல்லுங்கக்கா, நாளைக்கு இந்நேரம் இருக்காதுக்கா, தானா அழிஞ்சிரும். நிஜம்மாவா என்றாள் பஞ்சவர்ணம். நிஜமாத்தான்க்கா. அதற்கப்புறம் அந்த முகம் அப்படியே இளகிவிட்டது. வலிக்காம? மரக்கட்டையா என்ன? காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி பஸ்ஸுல ஏறித்தான் மேடம் உட்காருறோம், சோத்தைக்கூட நின்னுக்கிட்டேதான் அள்ளிப் போட்டுக்கிறது, நடுவுல பாத்ரூம்ல போய் உட்காருற அஞ்சு நிமிஷம்தான் எங்களுக்கு லீவு. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் சுகந்தி விழுந்தாள். ஏழு வருஷத்தில் இப்படி ஒரு துண்டு கிடைத்ததில்லை. முன்னால் இருந்ததை வெட்டினாள். தன் குரல் வராமல், தன் கேள்வி வராமல், அந்த நிஜமாத்தான்க்காவும் வராமல், நேராக 'வலிக்காம'விலிருந்து ஆரம்பித்துச் சிரிப்பில் முடித்தாள், கீழே ஓட்டுப் போடுகிற பட்டை ஒன்று ஒட்டினாள், அக்காவுக்கு ஒரு நாற்காலி போடலாமா, ஒரு பக்கம் 'போடலாம்', இன்னொரு பக்கம் 'உடனே போடணும்'. அதற்கும் கீழே, பழக்கதோஷம், ஆடித் தள்ளுபடி இன்று மட்டும்.

நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். ஆறாயிரம் பேர் பார்த்தாலே ஜேபி ஆபீசுக்குப் பப்ஸ் வாங்கித் தருவான். சாயங்காலம் முழுக்கக் கைதட்டுகிற பொம்மையாக அனுப்பிக்கொண்டிருந்தவன் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டான், டெலிட் பண்ணு, உடனே டெலிட் பண்ணு. எவனோ அதைத் திரையோடு சேர்த்துப் பதிவு பண்ணி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான், அது குரூப் குரூப்பாகப் போய்ச் சின்னவரின் மாமியார் வரைக்கும் போய், ஸ்டூல் போடணும்னு சட்டமே இருக்காமே மாப்பிள்ளை, நம்ம கடையில இல்லையா என்று அந்த அம்மா கேட்டுவிட்டாளாம். சட்டம் இருக்கிறது. ஸ்டூலும் இருக்கிறது, ஸ்டோர் ரூமில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், யாராவது ஆய்வுக்கு வருகிற அன்றைக்கு இறங்கும். பத்தொன்பதாவது மணி நேரத்தில் சுகந்தி அந்தத் துண்டை அழித்தாள். ஒன்பதே காலுக்குப் பஞ்சவர்ணம் வழக்கம்போலப் பின்வாசல் அட்டெண்டன்ஸ் மெஷினில் விரலை வைத்தாள், விரலை அது எடுக்கவில்லை. ஈரமாக இருக்கும் என்று முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். அடுத்த விரலை வைத்தாள். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாக அவள் தோளைத் தாண்டிக் கையை நீட்டி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியில் செக்யூரிட்டிதான் சொன்னானாம், அக்கா, உங்களை சிஸ்டத்துல இருந்து எடுத்துட்டாங்கக்கா. இதை சுகந்தியிடம் சொன்னது அதே பட்டுப் பிரிவில் நிற்கிற இன்னொரு பெண், இன்றைக்குக் காலையில், புடவையை மடித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள். பதினாலு வருஷம் நின்ற ஆள். நாளைக்கு இருக்காது நாளைக்கு இருக்காது என்று சொன்னாயே, யார் இல்லை இப்போது? வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது, ராமநாதபுரம் வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறதாம், கவுன்ட்டரில்தான் ஆள் இல்லை.

ஏசிக் குளிர் கணுக்காலில் ஏறுகிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு மல்லிகை வாசனையை டப்பாவிலிருந்து அடிக்கிறார்கள், சரியான பைத்தியக்காரக் கூட்டம். கமலவேணி டீச்சர் ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றால் கேட்கிறதா, மூன்று நாளாக அந்த டீச்சர் தலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து உலக உருண்டை உடைந்துவிட்டது. உண்மையைச் சொல்லுங்க, யாரையும் அடிக்க மாட்டேன், டீச்சர் மேல சத்தியமா அடிக்க மாட்டேன். அந்தக் குரல் எவ்வளவு இனிப்பு. சுகந்தி எழுந்து, மகேஸ்வரிதான் டீச்சர், தெரியாமப் பட்டுருச்சு டீச்சர் என்றாள். கெண்டைக்காலில் விழுந்தது அடி, மர ஸ்கேலால், மகேஸ்வரி குதித்தாள், ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினாள், அடுத்த அடி தூக்காத காலில் விழுந்தது. அப்புறம் டீச்சர் சுகந்தியின் தலையைத் தடவி, நல்ல பிள்ளை என்றாள். மகேஸ்வரி அதற்கப்புறம் அவளோடு பேசவே இல்லை, பத்தாவது முடிகிற வரைக்கும் பேசவில்லை, தண்ணிக் குழாயில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் பேசவில்லை. இந்தப் பெரியவர்கள் சொல்கிறதை இனிமேல் ஜென்மத்துக்கும் நம்பமாட்டேன் என்று சுகந்தி அன்றைக்கு அழுத அழுகை. நம்பாமல் இருந்தது சரி. தானே அந்த டீச்சர் ஆகிவிட்டாளே, அதே இனிப்பு, அதே பயப்படாம சொல்லுங்க. அந்த டீச்சராவது பொய்ச் சத்தியம் செய்த கையாலேயே அடித்தாள், எல்லாரும் பார்க்க அடித்தாள். இவள் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய் ஏசியில் உட்கார்ந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள், அடியை மெஷின் அடித்தது. கண்ணாடிக்குக் கீழே பட்டுப் பிரிவில் ஒரு பெண் ஒரு காலை மடக்கி மற்றதன்மேல் தேய்த்துக்கொண்டாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சட்டென்று இறக்கிக்கொண்டாள். பார்க்காதே சுகந்தி. இல்லை, பார்.

ஜேபி தான் வராமல் இவளை அனுப்பிவிட்டான். நான் வந்தா விஷயம் பெருசாயிரும், நீ போ, பொம்பளைப் பிள்ளை போய் நின்னா அவர் கத்தமாட்டாரு. எவ்வளவு கரிசனம். ஒரே ஒரு வரிதான் சுகந்தி, அந்தம்மா ஸ்கிரிப்ட்ல இல்லாததைத் தானாப் பேசிட்டாங்க சார், நாங்க கவனிக்காம விட்டுட்டோம், அவ்வளவுதான், இதுல பொய்யே இல்லையே, ஸ்கிரிப்ட்ல இல்லைதானே? இல்லைதான். இல்லாததைக் கேட்டது யாரு ஜேபி? அதை அவர் கேட்டா பார்த்துக்கலாம், கேட்கமாட்டாரு, நீயாப் போய் வாயைக் குடுக்காத, அந்தம்மாவை எடுத்தாச்சு, நீ அழுதாலும் திரும்பச் சேர்க்கப் போறதில்ல, நம்ம கான்ட்ராக்ட்டாவது தப்பிக்கட்டும். நீ அழுதாலும் என்கிறான். யார் அழுதது இங்கே? அவளுக்கு வந்தது அழுகை இல்லை, அவன் மேஜைமேல் வைத்திருக்கிற மீன் தொட்டியைத் தூக்கி அவன் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல வந்தது, பாவம் மீன் என்று விட்டாள். ஆனாலும் விட்டதற்கு மீனா காரணம்? உள்ளதைச் சொல் சுகந்தி, இங்கே யாரும் பதிவு பண்ணவில்லை. பயம். வீட்டுக்காரருக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது, மகள் நாலாவது படிக்கிறாள், கொரோனா சமயத்தில் எட்டு மாதம் போனை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடமாட்டார்களா, யாராவது ஒரு பிறந்தநாள் வாழ்த்தாவது எழுதச் சொல்லமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தாளே, அந்தப் போன் அடிக்காத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான்தான் சார் கேட்டேன். மூன்றே வார்த்தை. காலையிலிருந்து நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தாள், சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், எல்லாத் தடவையும் நான்தான் சார் வரைக்கும் வருகிறது, அதற்குமேல் வரமாட்டேன் என்கிறது. நான்தான் சார். நான்தான் சார். நான்தான் சார் என்ன? நான்தான் சார், வரலட்சுமி நோன்பு ஸ்டோரி பிளான் கொண்டு வந்திருக்கேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

போனில் பஞ்சவர்ணம் அனுப்பிய குரல் செய்தி ஒன்று கிடக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் வந்தது, இருபத்தாறு விநாடி, இன்னும் கேட்கவில்லை. ஷூட்டிங் அன்றைக்கு, படம் அனுப்பி வைக்கிறேன்க்கா என்று இவள்தான் நம்பர் கொடுத்திருந்தாள், படத்தையும் அனுப்பவில்லை, அது வேறு. ரெண்டு நாளாக அந்தச் செய்தியைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், பால்காரருக்கு அனுப்பும்போது பக்கத்திலேயே நிற்கிறது, ஸ்கூல் குரூப்பைத் திறந்தால் அதற்குக் கீழே நிற்கிறது. இருபத்தாறு விநாடியில் ஒரு பொம்பளை என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று இவளே எழுதிப் பார்த்துவிட்டாள், தொழில் புத்தி, நீ நல்லா இருப்பியா, உன் பிள்ளை நல்லா இருக்குமா, நாசமாப் போ. திட்டட்டும். திட்டினால்கூட நிம்மதி. உள்ளே போவதற்கு முன்னால் ரெண்டு திட்டு வாங்கிக்கொண்டு போனால் அந்த மூன்றாவது வார்த்தை வெளியே விழுந்தாலும் விழும். காதுக்குள் சொருகிக்கொண்டு அமுக்கினாள். மேடம், நான் பஞ்சவர்ணம் பேசுறேன், நல்லா இருக்கீங்களா? என்னைய எடுத்துட்டாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்? உங்களையும் ஏதும் சொன்னாங்களா? நீங்கதான் கேட்டீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல, பாவம், சின்னப் பிள்ளை வச்சிருக்கீங்க. ஒரு விஷயம் கேக்கணும், நேரம் இருந்தாக் கூப்பிடுங்க. அவ்வளவுதான். சுகந்திக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, அந்த அம்மா மேலேயே வந்தது, என்ன மனுஷி நீ, திட்டத் தெரியாதா உனக்கு, பதினாலு வருஷம் நின்று நின்று வாயும் மரத்துப்போச்சா, என்னைப் போய்ப் பாவம் என்கிறாயே, என்னையா, நான் பாவமா? அடுத்த நொடியே அது திரும்பிச் சின்னவர் மேல் போனது, ஜேபி மேல் போனது, நாற்காலி உடனே போடணும் என்று அமுக்கிவிட்டு அடுத்த ஆள் வீட்டு வளைகாப்பைப் பார்க்கப் போன நாற்பத்தோராயிரம் பேர் மேலும் போனது, எல்லா இடமும் சுற்றிவிட்டுக் கடைசியில் இவள் மடியிலேயே வந்து உட்கார்ந்தது. சின்னவர் வரச் சொல்றாரு மேடம் என்றாள் ரிசப்ஷன் பெண்.

சின்னவர் கத்துகிறவர் இல்லை. முப்பத்தெட்டு வயது, வெளிநாட்டில் படித்தவர், எழுந்து நின்று, வாங்க வாங்க, உட்காருங்க என்றார், காபியா டீயா என்றார். ஜேபி காலையிலேயே பேசிட்டாரு, அந்தம்மா இஷ்டத்துக்குப் பேசிட்டாங்கன்னாரு, பரவாயில்ல, நடக்கிறதுதான், இனிமே போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அனுப்பிருங்க. இவ்வளவுதானா? வரியைக்கூட அவரே சொல்லிவிட்டார், இவள் தலையை ஆட்டினால் போதும். தலை ஆடப் பார்த்தது, பழகின தலை. நான்தான் சார் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான்தான் சார் கேட்டேன், அவங்களாச் சொல்லல, மூணு தடவை புடவையைப் பத்தித்தான் சொன்னாங்க, காலு வலிக்கலையான்னு நான்தான் கேட்டேன், சொல்லப் பயந்தாங்க, நாளைக்கு இருக்காதுன்னு சொல்லி நான்தான் சொல்ல வச்சேன், முழு வீடியோ என்கிட்ட இருக்கு, போட்டுக் காட்டவா? குரல் உடைந்து கீச்சென்று வந்தது, வரட்டும், வந்துவிட்டது. இப்போது இடி விழும், வெளியே போ என்பார், ஜேபிக்கு போன் போடுவார், அதற்கெல்லாம் தயாராகத்தான் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சமாதானமாகச் சிரித்தார். நீங்க கேப்பீங்க மேடம், அது உங்க வேலை, நல்லாத்தான் கேட்டிருக்கீங்க. அவ ஏன் சொன்னா? சுகந்தி வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார். கேட்டா சொல்லிருவாளா? நாளைக்கு இன்னொருத்தன் வந்து வேற ஏதாவது கேப்பான், அதையும் சொல்லுவாளா? என்று அவரே முடித்துக்கொண்டு, மேஜையிலிருந்த நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். சரி, அதை விடுங்க, வரலட்சுமி நோன்பு வருது, என்ன பிளான் பண்ணியிருக்கீங்க? அவள் காலையிலிருந்து, மூன்று நாளாக, உயிரைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்த உண்மை அந்த மேஜைமேல் கிடந்தது, அவர் அதை ஒரு காபி டம்ளரைத் தள்ளுகிற மாதிரி ஓரமாகத் தள்ளிவிட்டார். அனுப்புறேன் சார் என்று சொன்னது யார் என்று தெரியவில்லை, சுகந்திதான் சொன்னாள்.

லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை, வேலை செய்கிறவர்கள் ஏறி இறங்குகிற பின்பக்கப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினாள், மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றாள். அவ ஏன் சொன்னா. அவ ஏன் சொன்னா. அடேய், கேட்டால் பதில் சொல்வது மனுஷ ஜாதியின் பழக்கமடா. என்ன திமிர் இருந்தால், என்ன கொழுப்பு இருந்தால். கடைக் கணக்கைத் திறந்தாள், கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை, மாற்றவேண்டும் என்று தோன்றுகிற அளவுக்குக்கூட இவளை ஒரு ஆளாக மதிக்கவில்லை. முழு வீடியோவை ஏற்றினாள், மூன்று தரமானவை, ஒரு கேள்வி, ஒரு நிஜமாத்தான்க்கா, எல்லாம் இருக்கிறது. ஸ்டோரி இல்லை, இந்தத் தடவை போஸ்ட், அழியாத இடம், ரெண்டு லட்சம் பேர். விரலை வைக்க வேண்டியதுதான் பாக்கி. வைக்கப் போனவளுக்கு என்னமோ தோன்றியது, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், இந்த ஒரு தடவையாவது கேட்டுவிட்டுப் போடலாம். கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் பஞ்சவர்ணம், மேடம், கூப்பிட்டுட்டீங்களே என்றாள், பின்னால் குக்கர் விசில். சுகந்தி கொட்டித் தீர்த்தாள், சொல்லிட்டேன்க்கா, அந்த ஆளுக்கு உறைக்கவே இல்லக்கா, முழு வீடியோவையும் போடப்போறேன், இவங்க கணக்குலயே போடுறேன், ஊரே பார்க்கட்டும், நீங்க ஊம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம் மேடம். ஏன்க்கா, பயமா இருக்கா? பயமா, இனிமே என்னத்தப் பிடுங்குவாங்க என்றாள் பஞ்சவர்ணம். ஒரு தடவை சிரிச்சதுக்கே என் மகளைக் காலேஜ்ல பாத்ரூம் லீவுன்னு கூப்பிடுதுகளாம். உங்க கோவத்துக்கு இன்னொரு தடவை என் மூஞ்சியப் போடாதீங்க மேடம். சொன்னது மெதுவாகத்தான்.

லேபர் ஆபீஸ்ல மனு எழுதிக் குடுத்திருக்கேன் என்று பஞ்சவர்ணமே தொடர்ந்தாள், அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, கடையிலேருந்தும் வருவாங்க. நானா வீடியோ எடுத்துக் கடை பேரைக் கெடுத்துட்டேன்னு சொல்லப் போறாங்களாம், மேனேஜர் போன்ல சொன்னாரு. நீங்க வந்து, நான்தான் கேட்டேன்னு அவங்க எதிர்ல சொல்லுவீங்களா? வீடியோவை அனுப்பிட்டு வீட்ல இருந்துருவேன்னு சொல்லாதீங்க, ஆளா வரணும். எழுதிக் கையெழுத்து வாங்குவாங்களாம். இப்போதே, இந்த நிமிஷமே என்றால் சுகந்தி கடையையே எரித்துவிடுவாள், விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமையா? அதற்குப் பத்து நாள் இருக்கிறது. பத்து நாள் இந்தக் கோபம் இருக்குமா? தன் கோபத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதா, இதுவரைக்கும் எத்தனை கோபம், எல்லாம் ஒரு நாள், மறுநாள் காலையில் காபி போடும்போது எங்கே போயிற்றென்றே தெரியாது. பத்து நாளும் ஜேபி பேசுவான், வீட்டுக்காரர் பேசுவார், மகளின் ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும். போஸ்ட் போட்டால் ஒரு தடவை அமுக்கிவிட்டு ஓடிவிடலாம். அங்கே போனால் பெயர் எழுதுவார்கள், அப்பா பெயர், எங்கே வேலை, எத்தனை வருஷம், அந்தக் காகிதம் யார் மேஜையிலாவது வருஷக்கணக்கில் கிடக்கும், மதுரையில் இன்னொரு கடையும் இவளைக் கூப்பிடாது. போகாதே, முடியாதுக்கா என்று சொல்லிவிடு, அந்த அம்மா திட்டக்கூட மாட்டாள், பாவம் என்பாள். அந்தப் பாவத்தைத்தான் சுகந்தியால் இன்னொரு தடவை கேட்க முடியாது. லைன்ல இருக்கீங்களா மேடம்? இருக்கேன்க்கா. ஏற்றி வைத்திருந்ததை அழித்தாள். எத்தனை மணிக்கு வரணும், என்று கேட்டது அவளுக்கே முரட்டுக் குரலாக இருந்தது.

"பதினோரு மணிக்கு மேடம். சாப்பிட்டுட்டு வாங்க, கூட்டமா இருக்குமாம். நம்ம பேரைக் கூப்பிடுற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும்."